பெயர்ச்சீட்டு இல்லாப் பேரேடுகள்

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து தந்தை ஒருவர், திருமணம் நிச்சயமான தம் மகளுடன் முதற் பேருந்திலேயே புறப்பட்டு, கள்ளக்குறிச்சிப் பகுதிப் பங்கு அலுவலகம் ஒன்றிற்கு வந்திருந்தார். நாமும் அன்று அங்கிருந்தோம். "சாமி, ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலைங்க. ஞானஸ்நானச் சீட்டு இல்லாம வாசிக்க மாட்டாங்களாம்" என்றார் அவர்.

பீரோ திறக்கப்பட்டது. உள்ளே பதினேழு பேரேடுகள். அனைத்தும் ஒரே பழுப்பு நிறம். ஒன்றன் முதுகிலும் எழுத்தில்லை. திருமுழுக்குப் பெற்ற ஆண்டும் தந்தைக்கு நினைவில்லை. உபதேசியாரும் நாமும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மரணப் பதிவேடுகளின் நடுவே செருகப்பட்டிருந்த ஏட்டில் அப்பெண்ணின் பெயர் அகப்பட்டபோது மாலையாகிவிட்டது. மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஒரு நாட்கூலியும் போயிற்று. அங்கு எவரும் சோம்பியிருக்கவில்லை. இல்லாதிருந்தது ஒரு துண்டுக் காகிதமே!

இப்பேரேடுகள் சாதாரணக் கணக்குகள் அல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 535-ஆம் பிரிவில், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், மரணம் ஆகியவற்றிற்குப் பதிவேடுகள் இருக்க வேண்டுமென்றும், பழைய ஏடுகளும் கவனமாகக் காக்கப்பட வேண்டுமென்றும் பணிக்கிறது. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் ஆகியவையும் திருமுழுக்கு ஏட்டிலேயே குறிக்கப்படும். ஆகவேதான் மணமக்களிடம் அச்சான்று கேட்கப்படுகிறது.

மறுநாள் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை தொடங்கியது. ஏட்டின் வகை, தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும், வரிசை எண், அதில் அடங்கிய கிளைக் கிராமங்கள் என நான்கு செய்திகளே ஒவ்வொரு சீட்டிலும் எழுதப்பட்டன. திருமுழுக்கிற்கு வெள்ளை, திருமணத்திற்கு மஞ்சள், மரணத்திற்குச் சாம்பல் நிறம். மழைக்கால ஈரத்தில் சாதாரண மை கலங்கும். பென்சில் எழுத்து கலங்காது. மாவுப் பசை பூச்சியை அழைக்கும் என்பதையும் மறத்தலாகாது. "பலவகை" என்று மட்டும் சீட்டு ஒட்டாதீர்கள். அது பொருளை மறைக்கும் திரையே ஆகும். உள்ளிருப்பது மாறினால் சீட்டையும் மாற்ற வேண்டும். பொய்ச் சீட்டைவிடச் சீட்டின்மையே மேல்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலக மேதை சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. மலையேறிச் செல்ல வேண்டிய ஏழையின் நேரத்தைக் காப்பது அதனினும் பெரிய கடமையன்றோ!

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, நம் இல்லங்களில் மட்டும் நிலைமை என்ன? பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, பட்டா, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று யாவும் ஒரே தகரப் பெட்டியில் கிடக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும் மலைவாழ் மக்களுக்கு, காலத்தில் கிடைக்கும் ஒரு தாள் நிலத்திற்கே சமம். ஐந்து உறைகளை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் பெயரெழுதி வைக்க அரைமணி நேரம் போதும்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அப்பெயர்களைக் காக்கும் ஏடுகளைப் பெயரிட்டு வைப்பதும் மேய்ப்புப் பணியே. அடுத்த மாதம் அதே மலையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஐந்தே நிமிடத்தில் சான்றுடன் திரும்பினார்; பகற் பேருந்திலேயே வீடு சேர்ந்தார்.