பட்டாளத்துப் பீனிசமும் பென்ஷன் மனுவும்

சளிக்கும் மூக்கடைப்புக்கும் அரசாங்கம் பென்ஷன் தருமா என்று நகைப்போர் உண்டு. பட்டாளத்திலிருந்து திரும்பிய நம் பங்குக் குடும்பத் தலைவர்கள் சிலரே இவ்வாறு எண்ணி வாளாவிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கை கால் இழந்தவர்க்கன்றோ ஊன ஓய்வூதியம், நமக்கேது என்பது அவர்கள் எண்ணம். அது சரியன்று.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் இரு மருங்கிலும் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. இவற்றின் உட்சவ்வு வீங்கி, வழி அடைத்து, சளி தேங்குவதையே நம் பெரியோர் பீனிசம் என்றனர். இன்று சைனஸ் என்கிறோம். பன்னிரண்டு வாரங்களுக்கு மேலும் தீராதிருப்பின் மருத்துவர் அதனை நாட்பட்ட நோய் என்பர். குனிந்தால் தலை பிளக்கும். இரவில் மூச்சு முட்டும். வாசனை தெரியாது போவதும் உண்டு. கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காத்திருப்போரைக் கேட்டால் இதன் துன்பத்தை விளக்கிச் சொல்வார்கள்.

இந்நோய் எவர்க்கும் வரும். பட்டாளத்தானுக்கு மட்டும் உரியதன்று. வழக்கின் முடிச்சே அங்குதான் உள்ளது. 1984 முதல் நம் படையினர் காவல் நிற்கும் சியாச்சின் பனிமலையில், குளிர் தாங்காது மண்ணெண்ணெய் எரித்த புகை நிறைந்த கூடாரத்துள் உறங்கியவர் உண்டு. ராஜஸ்தான் பாலையில் மணற்புழுதியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரும் உண்டு. எனினும் ஓய்வு பெறும் வேளையில் கூடும் மருத்துவக் குழு, “நோய் பணியால் வந்ததன்று, பணியால் மிகுந்ததுமன்று” என்று ஒரு வரி எழுதிவிடலாம். அந்த ஒரு வரியால் மனு தள்ளுபடியாகும். உடல்வாகினால் வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

இவ்வரிக்கு எதிராக நிற்பது உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு. அவர் 1985-இல் சிக்னல் படைப்பிரிவிற் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994-இல் வெளியேற்றப்பட்டவர். சைனஸ் நோயாளியல்லர். ஆயினும் அவருக்கு உரைக்கப்பட்ட நியாயம் எல்லா நோய்க்கும் பொருந்தும். படையில் சேரும்போது மருத்துவர் பரிசோதித்து எந்தக் குறையும் எழுதாதிருந்தால், அவன் அன்று நலமாயிருந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் பாரம் அரசைச் சார்ந்தது, படைவீரனைச் சார்ந்ததன்று. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே. சேர்க்கையின்போது நோயைக் கண்டறிய இயலாதிருந்தது என்று மருத்துவக் குழு கருதினால், காரணத்தை எழுத்தில் தரவேண்டும். வெறும் “உடல்வாகு” என்ற சொல் காரணமாகாது. நோயாளியை நேரிற் பாராத கணக்கு அலுவலகம் மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைத் தன் மேசையிலிருந்தே மாற்றுவது தகாது என்றும் 1993-லேயே அந்நீதிமன்றம் மொகிந்தர் சிங் வழக்கிற் கூறியுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தரம்வீர் சிங் வழக்கு 1982-ஆம் ஆண்டு விதிகளை ஒட்டியது. அவ்விதிகள் 2008-இல் மாற்றப்பட்டன. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணி துறந்தோர்க்கு வேறு விதிகள் உள்ளன. படைவீரனுக்குச் சார்பான அந்த அனுமானம் பின்னைய விதிகளில் பழைய வலிமையோடு இல்லை. ஆகவே எந்நாளில் பணி முடிந்தது என்பதே வழக்கறிஞர் கேட்கவேண்டிய முதற்கேள்வி. அதைக் கேளாமல், “தீர்ப்பு இருக்கிறது, வெற்றி உறுதி” என்று முன்பணம் வாங்குவோரிடம் நம் மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அடுத்தது விழுக்காடு. சைனஸ் மனுக்கள் பெரும்பாலும் இடறும் கல் இதுவே. ஊனம் 20 விழுக்காட்டை எட்டாவிட்டால், பணிக்காலத்தை முறையாக முடித்து ஓய்வு பெற்றவர்க்கு ஊனக் கூறு கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் நோயின் காரணமாகவே பாதியில் வெளியேற்றப்பட்டவனுடைய ஊனத்தை 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்பது 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கின் முடிவு. இருவர் நிலையும் ஒன்றன்று. சைனஸுடன் ஆஸ்துமாவோ காது கேளாமையோ சேர்ந்திருப்பின், எல்லாவற்றையும் கூட்டி மதிப்பிட்டார்களா என்று பார்க்கவேண்டும்.

எட்டிவிட்டால் பயன் சிறிதன்று. 50-க்குக் குறைந்த விழுக்காட்டை 50-ஆகக் கொள்ளும் முறை உள்ளது; அது முறையாக ஓய்வு பெற்றோர்க்கும் உரியதென்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கிற் கூறப்பட்டது. 2006-க்குப் பின் ஓய்வு பெற்றவர்க்கு நூறு விழுக்காட்டு ஊனத்திற்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது கணக்கு. 20 என்று மதிப்பிடப்பட்டவன் 50-க்கு உயர்ந்தால், ஊதியத்தில் 15 விழுக்காடு வரும். நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியவனுக்கு மாதம் ஆறாயிரம். வீட்டுச் செலவு அறிந்த தாய்மார் இதன் மதிப்பை அறிவர்.

கடல் கடந்த நாட்டிலும் இதே வழக்காடல் நிகழ்ந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பையைக் குழியிலிட்டு எரித்த புகையைச் சுவாசித்த அமெரிக்க வீரர்கள், தம் மூச்சுக் கோளாறு பணியால் வந்ததென்று மெய்ப்பிக்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். 2022 ஆகஸ்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், அவ்விடங்களிற் பணிபுரிந்தவர்க்கு நாட்பட்ட சைனஸ் இருப்பின் அது பணியால் வந்ததென்றே கொள்ளும்படி செய்துவிட்டது. நம் நாட்டில் சைனஸுக்கென அத்தகைய சட்டம் இல்லை. ஆளுக்கு ஆள் வழக்காட வேண்டியுள்ளது. குளிரும் புகையும் அறிந்த பாராளுமன்றம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மனு தள்ளுபடியானால் முதல் மேல்முறையீடு, பின் இரண்டாம் மேல்முறையீடு. அவையும் பயனளிக்காவிடில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதன் கிளை சென்னையில் இருக்கிறது. நம் மதுரையில் இல்லை. இரவு பாண்டியன் வண்டி ஏறிச் செல்வதற்கு முன் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், பணியில் மூக்கிற்காக மருத்துவமனையில் இருந்த நாட்களின் குறிப்பு, விடுவிப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை ஆகிய மூன்றும் கைக்கு வரவேண்டும். இல்லாதவர் ஆவண அலுவலகத்திற்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆலோசனை இலவசம். படைவீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி அளிக்க 2025 ஜூலையில் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

காலதாமதத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008-இல் தார்செம் சிங் வழக்கிற் கூறியதையும் அறிந்திருத்தல் நன்று. ஓய்வூதியம் மாதந்தோறும் புதிதாக எழும் உரிமை என்பதால் தாமதமான மனுவும் ஏற்கப்படலாம். ஆனால் நிலுவை, மனுச் செய்த நாளுக்கு முந்திய மூன்றாண்டுக்கு மட்டுமே. 2010-இல் ஊர் திரும்பியவர் 2025-இல் மனுச் செய்து வென்றால், 2022 முதற்கொண்டே பணம் வரும். இடையிற் கழிந்த பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு காசும் இல்லை.