கல்பனாவும் ஒரு முழ ஒயரும்

முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்ன தெரியுமோ? கல்பனா! நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது.

அந்த வம்சத்துப் பெட்டி ஒன்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. போன மாசக் கடைசியில் திடீரென்று அத்தனை கம்ப்யூட்டரும் மௌனவிரதம். கேட்டில் லாரி. ஈ-வே பில் போட வழியில்லை.

"சார், இன்னிக்கு லோடு போகலேன்னா பார்ட்டி ஆர்டரையே கேன்சல் பண்ணிடுவான்!" - டெஸ்பாட்ச்காரர் அழாத குறை.

போய்ப் பார்த்தால், பெட்டியின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்த மாதிரி ஒன்றாக மினுக்குகின்றன. காரணம், ஒரு முழ ஒயர். சும்மா தொங்கிய அதன் மறுமுனையையும் யாரோ புண்ணியவான் அதே ஸ்விட்சில் செருகியிருக்கிறார். 'எல்லாருக்கும்' என்று வரும் செய்தியை ஸ்விட்ச், வந்த வழி தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். அது ஒயர் வழியே சுற்றித் திரும்பி வரும். மறுபடி அனுப்பும். தடுக்க ஆளில்லை, கொஞ்ச நேரத்தில் உண்மையான வேலைக்கு இடமே இருக்காது. பிடுங்கினேன். பில் வந்தது, லாரி கிளம்பியது.

ராடியா பெர்ல்மன் என்ற அம்மணி 1985-லேயே இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார். பெயர் ஸ்பேனிங் ட்ரீ. சுற்றுப்பாதை இருந்தால் ஸ்விட்ச் ஒரு போர்ட்டைத் தானே மூடிக்கொள்ளும். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இது கிடையாது. 'மேனேஜ்டு' ஸ்விட்சில் உண்டு. வாங்கினால் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

எங்கள் முதலாளியிடமும் ஒன்று கேட்டேன். "எதுக்குத் தம்பி செலவு? காலி ஓட்டைல டேப் ஒட்டிடு" என்றார்.