இடம் மாறிய தமனிகள்: அன்றும் இன்றும்

சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு மகாதமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று முளைத்துவிடுகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நுரையீரலையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஏறாத ரத்தம் உடலைச் சுற்றுகிறது. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே திறந்திருக்கும் சிறு துவாரம் போன்ற ஏதேனும் ஒரு வழியில் இரண்டும் கலந்தால்தான் உயிர் நிற்கும். சிகிச்சை இல்லாத காலத்தில், இப்படிப் பிறந்தவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு முதல் பிறந்தநாளே வரவில்லை.

1963-இல் டொராண்டோவில் வில்லியம் மஸ்டர்ட், இதய உறையின் ஒரு துண்டை மேலறைகளுக்குள் தைத்து, ரத்தம் போகும் வழியைத் திருப்பினார். 1966-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கிண்ட், ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி, துவாரத்தைப் பெரிதாக்கினார். அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனால் தமனிகள் தவறிய இடத்திலேயே இருந்ததால், உடல் முழுவதற்கும் ரத்தம் தள்ளும் சுமை வலது கீழறையின் மேல் விழுந்தது. நுரையீரலுக்கு மட்டுமே தள்ளுவதற்கான அறை அது. நடுவயதுக்குள் பலருக்கு அது தளர்ந்தது, துடிப்பும் சீர்கெட்டது.

தமனிகளையே வெட்டி மாற்றி வைத்து வெற்றி கண்டவர் சாவோ பாலோவின் அடிப் ஜடேனி, ஆண்டு 1975. கடினம் பெரிய தமனிகளில் இல்லை. மகாதமனியின் அடியில் கிளைக்கும் கரோனரி தமனிகள் பச்சிளங்குழந்தைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். சுற்றியுள்ள சுவரோடு பொத்தானளவு வெட்டியெடுத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் புதிய இடத்தில் தைக்க வேண்டும். சற்றே முறுக்கிக்கொண்டாலும் இதயத் தசைக்கு ரத்தம் கிடைக்காது. தொடக்கத்தில் இறப்புகள் அதிகம். இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

இவ்வளவு பெற்றதில் கைவிட்டுப் போனது அவகாசம். மஸ்டர்ட் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடிந்தது. இன்றைய சிகிச்சைக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களே உகந்தவை. அதன்பின், எதிர்ப்புக் குறைந்த நுரையீரலுக்கே ரத்தம் தள்ளிப் பழகிய இடது கீழறை வலுவிழக்கத் தொடங்கும். நம் நாட்டில் தாமதமாகக் கண்டறியப்பட்டு வரும் குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது. அறுவைக்கூடத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும், இழந்த வாரங்களை அங்கே ஈடுகட்டுவது கடினம்.

பிரசவ வார்டிலிருந்து கிளம்பும் முன், குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது. மறுபடி பார்த்தும் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், எக்கோ எடுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.