ஓடைக்கு மேலே ஒரு சின்னப் பாலம்

மழை பிடித்துவிட்டால் நம்ம தோட்டங்களில் முதலில் அறுந்துபோவது பாதைதான். வெயில் காலத்தில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கிற ஓடை, மலை உச்சியில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போக முடியாது. அக்கரையில் போட்ட கோவாவும் லீக்ஸும் அங்கேயே அழுகும்.

"ஒரு கட்டைய வெட்டிப் போட்டா போச்சி" என்று நாமும் போடுகிறோம். அடுத்த பெருமழையில் கட்டை போய்விடுகிறது. மறுபடி ஒரு கட்டை. ஒரு நாளைக்குக் கட்டையோடு பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம் மட்டும் போவதே இல்லை.

10 அடி, 12 அடி அகலமான ஓடைக்கு நாலு வீட்டு ஆட்கள் சேர்ந்து, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தில் உறுதியான நடைபாலம் ஒன்றைக் கட்டிவிடலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

கட்டை ஏன் போகிறது?

கட்டை பலமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் நடக்கிற ஆளின் பாரத்தால் உடைந்த பாலம் குறைவு. தண்ணீர் கொண்டுபோன பாலம்தான் அதிகம். ஒரு கன அடி தண்ணீரின் எடை ஏறக்குறைய 28 கிலோ. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். மரம் மிதக்கும் பொருள் வேறு. தண்ணீர் எட்டித் தொட்டுவிட்டால் கட்டை தூக்கிக்கொள்ளும். அதனால் எங்கே கட்டுவது, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. மரம் பிறகுதான்.

1. இடமும் உயரமும்

ஓடை வளைகிற இடத்தில் கட்ட வேண்டாம். வளைவின் வெளிக்கரையைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். ஓடை நேராக ஓடுகிற, இரு கரையும் கெட்டியாக உள்ள இடத்தைப் பாருங்கள். கரையில் உள்ள மரங்களை வெட்டாதீர்கள். அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது.

பெருவெள்ளம் வந்த அடையாளத்தைத் தேடுங்கள். செடிகளில் சிக்கிய காய்ந்த புல், குப்பை, கல்லில் படிந்த சேறு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். லயத்தில் உள்ள பெரியவர்களையும் கேளுங்கள். "அந்தப் பாறை வரைக்கும் வந்திச்சி" என்று அவர்கள் கை காட்டுகிற இடம்தான் உங்கள் அளவு. பாலத்தின் அடிப்பக்கம் அதற்கும் மேலே குறைந்தது 2 அடி இருக்க வேண்டும். வெள்ளத்தில் வரும் மரக்கிளைகளுக்கும் வழி வேண்டுமே.

2. இரு கரையிலும் கல்கட்டு

கட்டையை வெறும் மண்ணில் வைக்காதீர்கள். மண் கரையும், மரமும் உளுத்துப்போகும். கரை விளிம்பிலிருந்து 3 அடியாவது உள்ளே தள்ளி, கெட்டி மண் வரும்வரை, குறைந்தது 2 அடி ஆழம் தோண்டுங்கள். பெரிய கற்களை அடியில் போட்டு, கல்லுக்குக் கல் கவ்வும்படி அடுக்கிக் கட்டுங்கள். தேயிலை மலையில் கல்கட்டு கட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேல்மட்டத்துக்கு மட்டும் கொங்கிறீட் போட்டால் போதும். சிமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, சல்லி 4 பங்கு. மணலில் சேறு இருந்தால் கழுவி எடுங்கள். போட்ட பிறகு 7 நாட்களுக்கு ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

3. மரம்

10 அடி இடைவெளிக்கு, சிறிய நுனியிலும் 6 அங்குலக் கனமுள்ள உருட்டுக் கட்டைகள் மூன்று வேண்டும். டர்பன்டைன் மரம் நல்லது. பட்டையை முழுவதும் உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் ஈரம் தங்கும், பூச்சி ஏறும். ஒன்றின் அடிப்பக்கமும் அடுத்ததன் நுனியும் ஒரே கரையில் வரும்படி மாற்றி வையுங்கள். கட்டை லேசாக வளைந்திருந்தால் வளைவு மேலே பார்க்கட்டும். இரு முனையும் கல்கட்டின் மேல் ஒன்றரை அடியாவது உட்கார வேண்டும்.

அறுத்த மரமென்றால் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். 2 அங்குலத்துக்கு 6 அங்குல மரத்தை நிறுத்தி வைத்தால், படுக்கவைத்ததைவிட மூன்று மடங்கு பாரம் தாங்கும்.

மரத்துக்குக் கழிவு எண்ணெய் பூசும் பழக்கம் உண்டு. ஓடைக்கு மேலே அது வேண்டாம். கீழே உள்ள லயம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

4. பலகையும் கைப்பிடியும்

ஒன்றரை அங்குலப் பலகைகளைக் குறுக்கே வைத்து, 4 அங்குல ஆணியால் அடியுங்கள். பலகைக்குப் பலகை அரை அங்குலம் இடைவெளி விட்டால் தண்ணீர் நிற்காது. பாசி பிடித்து வழுக்காமல் இருக்க மேலே கோழிக்கூட்டுக் கம்பி வலையை இழுத்து அடியுங்கள்.

இரு பக்கமும் கைப்பிடி கட்டாயம். பெரியவர்களுக்கு மூன்றேகால் அடி உயரத்தில் ஒன்று, பிள்ளைகளுக்கு அதில் பாதி உயரத்தில் இன்னொன்று. தலையில் விறகுக்கட்டோடு வருகிறவர்களை நினைத்து 3 அடி அகலமாவது வையுங்கள்.

5. ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள்

கட்டைகளின் ஒரு முனையைக் கம்பிக் கயிற்றால் கரையில் உள்ள பெரிய மரத்திலோ பாறையிலோ கட்டிவிடுங்கள். மறு முனையைக் கட்ட வேண்டாம். எதிர்பாராத வெள்ளம் பாலத்தைத் தூக்கினால், அது கரையோரமாகத் திரும்பிக் கிடக்கும். மறுநாள் இழுத்து வைத்துக்கொள்ளலாம். இரு முனையையும் கட்டினால், குப்பை அடைத்து, கல்கட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

எப்போது கட்டுவது?

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. காணி தோட்டத்தினுடையது என்பதால் துரையிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் முதலில் பேசுங்கள். மரமும் சிமெந்தும் அங்கேயே கிடைக்கவும் கூடும். ஓடை 12 அடிக்கு மேல் அகலமென்றால் நாமாகக் கட்டக் கூடாது. பொறியியல் தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டும்.

கட்டியதோடு முடியாது

பதுளை மாவட்டத்தில் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் பொகொட மரப்பாலம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதற்கு ஓட்டுக் கூரை உண்டு. மழையில் நனையாத மரம் நீண்ட நாள் வாழும் என்பதற்கு அதுவே சாட்சி. நம்ம பாலத்துக்குக் கூரை போட முடியாது. ஆனால் இலைகுப்பையைக் கூட்டித் தள்ள முடியும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் கட்டைகளின் முனையை அலவாங்கால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உடனே மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தண்ணீர் பாலத்தைத் தொட்டுவிட்டால் யாரும் ஏறக் கூடாது, எவ்வளவு அவசரமானாலும். பாடம் ஒரு நாள் போனால் மறுநாள் படித்துக்கொள்ளலாம்.