பத்துப் பைசாவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

டில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில், பதினோராம் வகுப்பில் இந்தியை ஒரு பாடமாக எடுத்துப் படித்த பிள்ளைகள் உளராயின், அவர்களுடைய புத்தகப் பையில் 'விதான்' என்னும் மெல்லிய துணைப்பாட நூல் ஒன்று இருந்திருக்கும். லதா மங்கேஷ்கரின் இசையைப் பற்றிய ஒரு கட்டுரை, இராஜஸ்தானத்து மக்கள் மழைநீரைக் காத்துவைக்கும் திறத்தைப் பற்றிய ஒரு கட்டுரை ஆகியவற்றோடு, 'ஆலோ ஆந்தாரி' என்ற தலைப்பிலே ஒரு பகுதியும் அந்நூலில் இடம்பெற்றது. ஒளியும் இருளும் என்பது அத்தலைப்பின் பொருள். அதனை எழுதியவர் பண்டிதர் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். பிறர் வீட்டில் தரை பெருக்கி, பாத்திரம் துலக்கி மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிய வங்கப் பெண்மணி பேபி ஹால்தார்.

பிள்ளைகள் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகிறார்கள். பெற்றோராகிய நாம் அதனைப் புரட்டியும் பார்ப்பதில்லை. ஆனால், குழந்தைப் பருவத்தில் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளான ஓர் உயிர் எவ்வாறு நிமிர்ந்து நின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு அப்பெண்மணியின் வரலாற்றைப் போல் உதவுவன சிலவே.

பேபி 1973-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். தந்தையார் முதலில் இராணுவத்திலும் பின்னர் ஓட்டுநராகவும் வேலை பார்த்தவர், குடிப்பழக்கம் உடையவர். குடும்பம் காஷ்மீரத்திலிருந்து முர்ஷிதாபாத்துக்கும், அங்கிருந்து துர்க்காபூர் என்னும் எஃகு நகரத்துக்கும் இடம்பெயர்ந்தது. பேபிக்கு நான்கு வயதளவில் இருக்கும்போது தாயார் வீட்டை விட்டு வெளியேறினார். போகும்போது, சிறுமியின் உள்ளங்கையில் ஒரு பத்துப் பைசாக் காசை வைத்து மூடிவிட்டுப் போனார். தாயின் நினைவாக அக்குழந்தைக்கு எஞ்சியது அக்காசு ஒன்றே.

பின்னர்ச் சிற்றன்னை வந்தார். அடியும் வசையும் வந்தன. ஒருநாள், பள்ளிக்கு அழைத்துச் செல்ல வந்த தோழியிடம், வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை என்று பேபி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அது தந்தையார் காதில் விழுந்தது. வீட்டு மானத்தை வெளியே விற்றுவிட்டாள் என்று அவர் அடித்த அடியில் சிறுமி சில நாட்கள் எழுந்து நடமாட முடியாமற் கிடந்தாள். இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் செய்த குற்றந்தான் என்ன? பசித்தது என்ற உண்மையைச் சொன்னது. கொடுமைக்கு உள்ளாகும் குழந்தை முதலிற் கற்கும் பாடம் வாய் திறவாமை என்பதே. காயம் ஆறினாலும் அப்பாடம் எளிதில் மறப்பதில்லை.

பன்னிரண்டாம் வயதில், தன்னைவிடப் பதினான்கு வயது மூத்த ஒருவனுக்குப் பேபி மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதின்மூன்றாம் வயதில் முதற்குழந்தை பிறந்தது. பெண்ணின் திருமண வயது பதினெட்டு என்று சட்டம் 1978-ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சட்டம் இருந்தது, பந்தலில் அமர்ந்து உண்டவர்களும் இருந்தனர், கேட்பார்தாம் இல்லை. மணவாழ்க்கையில் அடி தொடர்ந்தது. வேறோர் ஆடவனுடன் பேசினாள் என்பதற்காகக் கணவன் கல்லால் தாக்கி அவள் தலையை உடைத்தான். பேபியின் தமக்கையார் தம் கணவன் கையாலேயே கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார். 1999-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதளவில், மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு டில்லிக்குச் செல்லும் இரயிலில் ஏறிவிட்டார் பேபி.

இத்தகைய ஒருவர் முறிந்து போகாமல் நின்றது எவ்வாறு? "அவருக்கு மனவுறுதி அதிகம்" என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அது பாராட்டுப் போலத் தோன்றினும், உண்மையில் நம் கைகளைக் கழுவிக்கொள்ளும் வழியேயாகும். உறுதி உள்ளவர் தாமே பிழைப்பார், இல்லாதவர் விதிப்படி ஆவார் என்றால், அண்டை வீட்டார்க்கும் ஆசிரியர்க்கும் உறவினர்க்கும் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை அன்றோ!

இவ்வினாவையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார் எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞர். பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், கவாய் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கே 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை அவரும் ரூத் ஸ்மித் முதலான அவர்தம் துணைவர்களும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் போன்ற இடர்கள் பலவற்றுக்கிடையே பிறந்தவர்கள். இவ்விடருற்றோருள் மூவரில் இருவர் பள்ளியிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினர். மூவரில் ஒருவர் மட்டும் திறமையும் அன்பும் தன்னம்பிக்கையும் வாய்ந்தவராக வளர்ந்தார்.

அந்த ஒருவருக்கு வாய்த்தது யாது? இயல்பான இன்முகமும் சுறுசுறுப்பும் ஓரளவு துணை செய்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் திரும்பத் திரும்பக் காணப்பெற்ற காரணம் வேறொன்று. பெற்றோர் தவறிய இடத்தில், அக்குழந்தையைத் தன் குழந்தையாக ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் இருந்தார். பாட்டியோ, தாத்தாவோ, அத்தையோ, பள்ளி ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ ஒருவர். இளமையில் தடுமாறியவர்களுள்ளும் பலர் முப்பது, நாற்பது வயதிற்குள் நல்வழிக்கு மீண்டனர் என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபு. விட்ட படிப்பைத் தொடர்ந்தமை, நல்ல வாழ்க்கைத் துணை அமைந்தமை, ஒரு சமயக் குழுவில் இடம் பெற்றமை ஆகியவை அவர்களுக்குத் திருப்புமுனைகளாயின. காலம் கடந்துவிட்டது என்று எவரையும் தள்ளிவிடுவதற்கில்லை.

பாட்டி, தாத்தா என்றதும் நம் நிலை நினைவுக்கு வருகிறது. பிறந்த ஊரை விட்டுப் பல நூறு மைல் வந்து, அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் குடியிருக்கிறோம். தகப்பனார் கை ஓங்கினால் "விடுடா, குழந்தை" என்று குறுக்கே வந்து நிற்கும் பாட்டி, இங்கே பல வீடுகளில் இல்லை. அக்கம்பக்கத்தாரின் மொழி வேறு. ஓடிப்போய் ஒளிந்துகொள்ளச் சித்தப்பா வீடும் இல்லை. குழந்தையின் அழுகை தாளிட்ட கதவுக்கு அப்பால் எட்டினாலும், வேற்றூரார் குடும்ப விஷயத்தில் தலையிடுவானேன் என்று எதிர்வீட்டார் இருந்துவிடுகின்றனர். நாமும் அவர்கள் வீட்டைப் பற்றி அவ்வாறே இருந்துவிடுகிறோம்.

"எங்கள் அப்பா அடிக்காத அடியா? நாங்கள் என்ன கெட்டா போனோம்?" என்று சங்கக் கூட்டங்களிலே பெருமையாகச் சொல்வோரும் உளர். அடியாத மாடு படியாது என்ற பழமொழி அவர்களுக்குத் துணை. ஆனால் நன்றாக வாழ்வோர்தாம் கூட்டத்தில் எழுந்து பேசுகின்றனர். தடுமாறிய இருவரும் பேச வருவதில்லை! அன்றியும், நன்றாக வாழ்கிறார் என்று நாம் எண்ணுபவரின் உடலே வேறு கதை சொல்லக்கூடும். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஃபெலிட்டி, அன்டா என்னும் மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1998-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. இளமையிற் பட்ட கொடுமைகளின் எண்ணிக்கை ஏற ஏற, பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவற்றோடு இருதய நோயும் மிகுதியாகக் காணப்பெறுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். பிழைத்தவர் பிழைத்தார் என்பதால், அடித்தது நன்மையே என்று ஆகிவிடாது.

நம் நாட்டிலும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து 2007-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூவரில் இருவர் உடல் வகையிலான கொடுமைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அவ்வாறு துன்புற்றவர்களிற் பெரும்பாலோர்க்கு அதனைச் செய்தவர் பெற்றோரே. 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் இதில் விலக்கல்லர். மிகப் பலர் அதற்குமுன் எவரிடமும் சொல்லாதவர்கள். தோழியிடம் உண்மை சொல்லி அடிபட்ட பேபியை இங்கே நினைவு கூர்தல் தகும்.

அதற்குப் பின் சட்டங்கள் வலுப்பெற்றன. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குடும்ப மானம் என்று மறைப்பதற்கு அதில் இடமில்லை. தம் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமை செய்வோர்க்கு 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் சிறைத்தண்டனை விதிக்கிறது. 1996-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பெற்ற 1098 என்னும் தொலைபேசி உதவி பின்னர் நாடெங்கும் பரவியது. கட்டணம் இல்லை. குழந்தையே அழைக்கலாம், எதிர்வீட்டார் அழைக்கலாம். மொழி தெரியாத ஊரில் காவல் நிலையப் படியேறத் தயங்குவோர்க்கும் இந்த எண் உதவும்.

இனி, டில்லி வந்து சேர்ந்த பேபியைப் பார்ப்போம். வந்தவுடன் விடிவு பிறந்துவிடவில்லை. வேலைக்குச் சென்ற சில வீடுகளில் ஓய்வு என்பதே இல்லை. மூத்த மகனும் எங்கோ ஒரு வீட்டில் வேலைக்கு விடப்பட்டிருந்தான். இறுதியில் குர்காவில் (இன்று அதனைக் குருகிராம் என்கிறார்கள்) பிரபோத் குமார் என்பவரின் வீடு கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர். இந்தி இலக்கியத்தின் பெருமைக்குரிய பிரேம்சந்தின் பேரர்.

அவர் செய்தவை யாவும் சிறு செயல்களே. அதனாலேயே அவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். புத்தக அலமாரியைத் தூசி தட்டும்போது அப்பெண்ணின் கை சற்றே தயங்குவதை அவர் கவனித்தார். படிக்கத் தெரியுமா என்று கேட்டார். என்னென்ன எழுத்தாளர்களைத் தெரியும் என்று கேட்டார். இரவீந்திரநாதர், நஸ்ருல், சரத்சந்திரர் என்று பள்ளியிற் கேட்ட பெயர்களை அவர் சொன்னார். தஸ்லீமா நஸ்ரீன் தம் இளமையைப் பற்றி எழுதிய 'ஆமார் மேயேபேலா' என்னும் வங்க நூலைப் படிக்கக் கொடுத்தார் பேராசிரியர். பின்னர் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கித் தந்து, உன் வாழ்க்கையை எழுது என்றார். பேபி குடியிருந்த குடிசையைப் புல்டோசர் இடித்துத் தள்ளியபோது, தம் வீட்டிலேயே அறை கொடுத்துக் குழந்தைகளோடு குடிவைத்தார். மூத்த மகனையும் தேடி அழைத்து வந்தார். அவரைத் 'தாதூஷ்' என்று அழைத்தார் பேபி. போலந்து மொழியில் தந்தையை அன்போடு விளிக்கும் சொல் அது.

வேலை முடிந்த பின்னர், குழந்தைகள் உறங்கிய நேரத்தில் பேபி எழுதினார். பேனா பிடித்துப் பல ஆண்டுகளாயிற்று. எழுத்துப் பிழைகள் மலிந்தன. பேராசிரியர் ஒரு மாத காலம் தென்னிந்தியப் பயணம் சென்றிருந்தபோதும் எழுத்து நிற்கவில்லை. அந்நூலில் ஒரு விந்தை காணலாம். "நான்" என்று சொல்லிவரும் ஆசிரியை, சில இடங்களில் திடீரென்று "பேபி" என்று, யாரோ ஓர் அயல் சிறுமியைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதத் தொடங்கிவிடுகிறார். இலக்கணம் அறியாமையால் நேர்ந்தது என்று நமக்குத் தோன்றவில்லை. தன் துன்பத்தைத் தான் மீண்டும் படாமல், சற்றுத் தள்ளி நின்று அச்சிறுமிக்காக இரங்க அவருக்கு அது வழி செய்தது போலும்! மனத்தில் அடக்கிய துயரை எழுதுவோர் சிலருக்கு உடல்நலமும் சற்றுத் தேறுவதை ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க அறிஞரின் சோதனைகள் 1986-ஆம் ஆண்டு முதல் காட்டி வருகின்றன. ஆயினும் நோட்டுப் புத்தகம் மட்டும் மருந்தாகிவிடாது. எழுதியதைப் படிக்க ஒருவர் காத்திருந்தார். எழுதியதற்காக அடிக்கமாட்டார் என்ற நம்பிக்கையும் இருந்தது. மனநல மருத்துவரை நாடுவதும் இன்று இழிவன்று. வேண்டியவர் தயங்காமல் நாடலாம்.

வங்கத்தில் எழுதப்பெற்றதைப் பிரபோத் குமாரே இந்தியில் பெயர்த்தார். 2002-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஒரு சிறு பதிப்பகம் அதனை வெளியிட்டது. வங்க மூலம் 2004-இலும், ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கிலப் பெயர்ப்பு 2006-இலும் நூலாயின.

பாடநூலில் உள்ள பகுதியின் இறுதிக் காட்சி, நூல் அச்சேறுவதற்கு முந்தியது. தபாலில் ஒரு கட்டு வருகிறது. பிரித்தால் உள்ளே ஒரு பத்திரிகை. ஏட்டைப் புரட்டிய பேபி ஓரிடத்தில் நின்று, மகளை அழைத்துப் படிக்கச் சொல்கிறார். அச்சிறுமி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, "ஆலோ ஆந்தாரி, பேபி ஹால்தார்" என்று வாசிக்கிறாள். அம்மா, இது உன் பெயர் அல்லவா என்று கூவுகிறாள். தம்பியும் ஓடி வருகிறான். இருவரையும் அணைத்துக்கொண்ட தாய்க்குச் சட்டென்று ஏதோ நினைவு வர, அவர்களை விட்டுவிட்டு ஓடிச்சென்று பேராசிரியரின் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்.