டி.பி. என்று தெரிந்த அன்றே எடை பாருங்கள்

சளியில் கிருமி இருக்கிறதா? காசநோய் என்றாலே மருத்துவம் நூறாண்டுக்கு மேலாக முதலில் கேட்டுவரும் கேள்வி இது. இருந்தால் மருந்து உண்டு. ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சைக் காலத்தில் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் 2 மாதங்களில்தான். மருந்து வேலை செய்யும்வரை உடம்பு தாங்குவதில்லை.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் விஞ்ஞானி ஹேமந்த் தீபக் ஷெவாடேயின் ஆய்வு இந்தச் சில வாரங்களைப் பற்றியது. அதற்கு முன்பு, நலிந்த மக்கள் வாழும் இடங்களுக்கே போய் நோயாளிகளைத் தேடினால், நோய் இன்னதென்று தெரிவதற்குள் குடும்பம் செலவில் நொடிந்துபோவது குறைகிறது என்பதை அவர் பங்கேற்ற ஆய்வொன்று 2018இல் காட்டியது. சரி, கண்டுபிடித்தாயிற்று, அவர்களில் யார் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறார்?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்கு எடுத்த வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சென்னை நீங்கலான மாவட்டங்களில், சேலம், நாமக்கல் உட்பட, அரசு மருத்துவ நிலையத்தில் நோய் உறுதியானதும் பணியாளர் எடை, உயரம் பார்க்கிறார். பாதம் வீங்கியிருக்கிறதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று கவனிக்கிறார். ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டுகிறார். மூச்சு 24ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 14 அல்லது அதற்கும் குறைவாக இருந்தாலோ, உடனே மருத்துவமனை. வீக்கம் இருந்தால் 16 என்பதே எல்லை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 14 என்றால் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். லேபும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவரோ சங்ககிரியில் லாரி ஏறுபவரோ சட்டை தொளதொளத்துப் போனாலும் வேலையை விடமாட்டார். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. இருமலைப் பஞ்சுத் தூசி, டீசல் புகை என்று தள்ளிப்போட்டு, கடைசியில் தன் காலால் நடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வருவார். நடந்து வந்தவர்தானே என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. அந்த எளிய தவறைத்தான் எடை மெஷின் தடுக்கிறது.

இதில் ஒரு வரலாற்று முரண் தெரியலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் சகாக்களும் நோயாளிகளை இரு பிரிவாக்கினர்: ஒரு பிரிவு சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில், மற்றது வீட்டில். வீட்டில் நெருக்கடி, சாப்பாடும் மட்டம். ஆனாலும் குணமானவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றே. 1959இல் வந்த முடிவுகளைப் பார்த்து உலகமே மெல்ல மெல்லச் சானடோரியங்களைக் கைவிட்டது. அதே தமிழ்நாடு இப்போது சிலருக்குப் படுக்கை கட்டாயம் என்கிறது. இரண்டும் சரிதான் என்பது என் கருத்து. பெரும்பாலோருக்கு வீடு போதும். போதாத சிலர் யார் என்று முதல் நாளே பிரித்தறிவதுதான் 1959 விட்டுவைத்த வேலை.

உணவும் மருந்துதான். ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் நோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 2 மாதங்களில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோ ஆளுக்கு அது 2 கிலோகூட இல்லை!

2025இல், முதல் நாள் எடுக்கும் அளவீடுகளைக் கொண்டு ஒருவரின் இறப்பு வாய்ப்பைக் கணிக்கும் வசதியையும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் திட்டத்தின் செயலியில் சேர்த்தது. திட்டம் அரசு நிலையங்களில் கண்டறியப்படுவோருக்கானது. தனியார் கிளினிக்கில் டி.பி. என்று சொல்லிவிட்டால் குடும்பத்தார் வாய்விட்டுக் கேட்கலாம்: “எடை பார்த்தீர்களா டாக்டர்? ஆக்ஸிஜன் எவ்வளவு? வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா, அட்மிட் பண்ணணுமா?”