வாய் மூடிக் காத்திருக்கும் சிப்பி

கல்பாக்கத்தில் 1984 முதல் மின்சாரம் தரும் சென்னை அணுமின் நிலையம், நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரைத்தான் நம்பியிருக்கிறது. அந்த நீர் கடலடிச் சுரங்கம் ஒன்றின் வழியே உள்ளே வருகிறது. கண்ணுக்கே தெரியாத பச்சைச் சிப்பிக் குஞ்சுகளும் அதோடு வந்துவிடுகின்றன. ஓடும் நீர் ஓயாமல் இரை கொண்டுவருகிறது. பிடித்துத் தின்ன வருவோரும் குறைவு. வேறென்ன வேண்டும்? நார் போன்ற இழைகளைச் சுரந்து சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வளர்கின்றன. பாதை குறுகுகிறது. பிய்ந்து வரும் ஓடுகள் குளிர்விப்பான் குழாய்களின் வாயை அடைக்கின்றன.

மருந்து குளோரின்தான். ஆனால் சிப்பி லேசுப்பட்டதல்ல. குளோரின் வாடை பட்டதும் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அப்படியே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சில மணி நேரம் கொடுத்து நிறுத்தினால், மறுபடி திறந்து வழக்கம்போல் இரை எடுக்கும். அதனால்தான் குறைந்த அளவில், இடைவிடாமல் கொடுக்கிறார்கள். அப்போது குஞ்சுகள் ஒட்டுவதும் குறைகிறது. அளவை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது, வெளியேறும் நீர் திரும்பவும் கடலுக்குத்தானே போகிறது!

நெதர்லாந்தில் வேறொரு வழி கண்டார்கள்: குளோரினை விட்டுவிட்டுச் செலுத்துவது. சிப்பி திறக்கப் பார்க்கும் நேரத்தில் அடுத்த தவணை வந்துவிடும். சில நிலையங்களில் குளோரினே வேண்டாமென்று, சூடான நீரைத் திருப்பிவிட்டுச் சிப்பிகளைக் கொல்கிறார்கள்.